நிறுத்துங்கள், ஆனால் படிக்கும் வழியைக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்

சேமிப்புக் கருவிகள் செய்யும் நிறுவனங்களுக்கும், மென்பொருள் எழுதி விற்போருக்கும், பிறருடைய தரவைத் தங்கள் கணினிகளில் வாங்கி வைத்திருக்கும் இணையச் சேவை நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

பழைய வட்டுகளிலிருந்தும் நாடாக்களிலிருந்தும் கோப்புகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஒரு வட்டு வகையையோ, ஒரு கோப்பு வடிவத்தையோ, ஒரு சேவையையோ நீங்கள் நிறுத்தும்போது, அதற்குள் ஏற்கெனவே இருப்பதைப் படிக்கும் வழியை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

நிறுத்துவது உங்கள் உரிமை. அதில் எனக்குத் தகராறு எதுவும் இல்லை. எந்தத் தொழில்நுட்பமும் காலாகாலத்துக்கும் விற்பனையில் இருக்காது. ஆனால் 'சேமி' என்று எழுதிய பொத்தானை நீங்கள் கொடுத்தீர்கள், அதை நம்பி மக்கள் அழுத்தினார்கள். அந்த நம்பிக்கைக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள்.

என் மேசைக்கு வருபவை இரண்டு விதம். ஒன்று, உண்மையிலேயே கெட்டுப்போனவை. பூஞ்சை படர்ந்த ஃபிளாப்பி, காந்தப் பூச்சு உதிரும் நாடா, சாயம் மங்கிய சிடி. இவற்றைப் பற்றி நான் யாரையும் குறை சொல்லவில்லை, பொருள் என்றால் தேயும். இரண்டாவது வகைதான் மனதை வருத்துகிறது. வட்டு நன்றாக இருக்கும், அதிலுள்ள பிட்டுகள் (0, 1 என்ற பதிவுகள்) ஒன்றுகூடக் கெட்டிருக்காது, ஆனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. படிக்கும் கருவி கிடைப்பதில்லை. கருவி கிடைத்தால், எழுதிய மென்பொருள் எந்த முறையில் எழுதியது என்ற விவரம் கிடைப்பதில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1978-இல் வந்த வேர்ட்ஸ்டார், அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் எழுத்தாளர்களும் அலுவலகங்களும் பயன்படுத்திய மென்பொருள். அதில் எழுதிய கோப்பு ஒன்றை இன்றைய எடிட்டரில் திறந்தால் பல சொற்களின் கடைசி எழுத்து விசித்திரமான குறியாகத் தெரியும். கோப்பு சிதைந்துவிட்டது என்று பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் எதுவும் சிதையவில்லை. ஆங்கில எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் ஆஸ்கி குறியீட்டுக்கு 7 பிட்டுகள் போதும், எட்டாவது சும்மா இருந்தது. வரிகளைச் சீராக நிரப்பும் வேலைக்காக, சொல் முடியும் எழுத்தில் அந்த எட்டாவது பிட்டை வேர்ட்ஸ்டார் 1 ஆக்கிவைத்தது. அதை மறுபடி 0 ஆக்கினால் எழுத்து அப்படியே திரும்பி வந்துவிடும். சில வரி நிரல் போதும். இந்தச் சின்ன விவரம் தெரிந்தவருக்கு அது ஒரு முழு நாவல், தெரியாதவருக்குக் குப்பை. வேர்ட்ஸ்டார் பரவலாகப் புழங்கியதால் பலர் ஆராய்ந்து விவரத்தை எழுதிவைத்தார்கள். அந்த அளவுக்குப் புழங்காத நூற்றுக்கணக்கான மென்பொருள்களுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை.

கணினியின் வரலாற்றைப் பேசுபவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் கொள்ளளவையும் சொல்வார்கள். நான் வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹோலரித் கொண்டுவந்த துளை அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் துளைக்கு என்ன பொருள் என்ற அட்டவணை கையில் இருந்தால், அந்த அட்டையைக் கண்ணாலேயே படித்துவிடலாம். 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த 80 பத்தி அட்டையும் அப்படித்தான். பிற்கால இயந்திரங்கள் துளையிடும்போதே எழுத்தையும் மேல் விளிம்பில் அச்சடித்தன. 1951-இல் யூனிவாக் கணினி உலோக நாடாவில் எழுதத் தொடங்கியபோது கண்ணுக்கு வேலை போய்விட்டது. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியில் 24 அங்குலக் காந்த வட்டுகள் 50 சுழன்றன. சுமார் 50 லட்சம் எழுத்துகள் அதில் அடங்கின. அன்றைக்கு அது பெரிய சாதனை, இன்றைக்கும் அந்த வடிவமைப்பைப் பார்த்தால் மரியாதை வருகிறது.

கொள்ளளவு பெருகப் பெருக, படிக்கும் கருவிக்குள் நுட்பம் கூடிக்கொண்டே போனது. படிக்கும் தலை எங்கே நிற்க வேண்டும், துடிப்புகளை எப்படி 0, 1 ஆகப் பிரிக்க வேண்டும், பிழையை எப்படித் திருத்த வேண்டும் என்பதெல்லாம் வட்டில் எழுதப்பட்டிருக்காது. டிரைவின் சுற்றுகளிலும் அதன் உள் நிரலிலும் உங்கள் பொறியாளர்களின் ஆவணங்களிலும்தான் அவை இருக்கின்றன. ஆகவே, வாடிக்கையாளர் கையில் இருப்பது பதிவின் ஒரு பாதி மட்டுமே. மறுபாதி உங்களிடம் இருக்கிறது. கடையை மூடும்போது அந்த மறுபாதியைப் பூட்டி எடுத்துக்கொண்டு போனால், அவர் கையிலுள்ள பாதிக்கும் மதிப்பில்லாமல் போகிறது.

இது எங்கேயோ நடக்கும் சின்ன இழப்பு என்று நினைக்க வேண்டாம். பெரிய நிறுவனங்களுக்கே நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1086-இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கேட்டின் 900-ஆம் ஆண்டை ஒட்டி, 1986-இல் பிபிசி ஒரு புதிய டூம்ஸ்டே திட்டத்தை வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் ஊரைப் பற்றி எழுதியும் படம் எடுத்தும் அனுப்பினார்கள். எல்லாவற்றையும் 12 அங்குல லேசர் வட்டுகளில் பதித்தார்கள். அவற்றைப் படிக்க அதற்கென்றே ஃபிலிப்ஸ் செய்த ஒரு பிளேயரும், ஏகார்ன் நிறுவனத்தின் பிபிசி மாஸ்டர் கணினியும் சேர்ந்தே வேண்டும். அந்தச் சேர்க்கை சந்தையில் நிலைக்கவில்லை. 16 ஆண்டுகளுக்குள், 2002 வாக்கில், இந்த வட்டுகளை இனி யாராலும் படிக்க முடியாமல் போகும் என்ற கவலை எழுந்துவிட்டது. 1086-இல் ஆட்டுத் தோலில் எழுதியதோ இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் படிக்கும் நிலையில் இருக்கிறது.

பிறகு லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேமிலியான் என்ற திட்டத்தில் எமுலேட்டர் எழுதி, பழைய கணினியைப் புதிய கணினிக்குள் நடிக்கவைத்துக் காட்டினார்கள். 2011-இல் ஊர்கள் பற்றிய வட்டின் உள்ளடக்கம் இணையத்துக்கும் வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் எத்தனை பேருடைய உழைப்பு அதற்குத் தேவைப்பட்டது என்று பாருங்கள். அந்த உழைப்பில் ஒரு பகுதி, பிளேயரும் கணினியும் ஒன்றோடொன்று எப்படிப் பேசின என்பதை மறுபடி கண்டுபிடிப்பதிலேயே போயிருக்கிறது. அவற்றை வடிவமைத்தவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த விஷயம் அது.

நிலாவின் கதை இன்னும் கூர்மையானது. அப்போலோ விண்கலங்கள் எங்கே இறங்கலாம் என்று பார்க்க, 1966, 1967 ஆண்டுகளில் ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலங்கள் நிலாவைச் சுற்றிப் படமெடுத்தன. அவை அனுப்பிய சமிக்ஞைகள் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற கருவிகளில் நாடாக்களாகப் பதிவாயின. அன்று வெளியான படங்களைவிட நாடாவில் இருந்த விவரம் அதிகம். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய நான்சி எவன்ஸ், இந்த நாடாக்களைத் தூக்கி எறிய ஒப்புக்கொள்ளவில்லை. அதோடு நிற்காமல், அவற்றைப் படிக்கக்கூடிய, குளிர்சாதனப் பெட்டி அளவுள்ள பழைய கருவிகளையும் தேடி வாங்கிப் பல ஆண்டுகள் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். 2008-இல் டெனிஸ் விங்கோ, கீத் கவிங் ஆகியோரின் குழு, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மைய வளாகத்தில் இருந்த ஒரு பழைய உணவகக் கட்டடத்தில் அந்தக் கருவிகளுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. நிலாவின் விளிம்பில் பூமி எழும் 1966-ஆம் ஆண்டுப் படம், முதன்முதலில் வெளியானபோது இருந்ததைவிடப் பலமடங்கு தெளிவாக வெளிவந்தது.

அப்போலோ 11 பற்றியும் சொல்ல வேண்டும். 1969-இல் மனிதர் முதன்முதலில் நிலாவில் இறங்கிய காட்சியின் மூலச் சமிக்ஞை, தொலைக்காட்சியில் உலகம் பார்த்ததைவிடத் தரமானது. அது பதிவான நாடாக்களை நாசா தேடியது. அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் அறிவித்தது. ஒரே நிறுவனம், ஒரே காலகட்டம், இரண்டு விதமான முடிவுகள். லூனார் ஆர்பிட்டர் நாடாக்கள் பிழைத்ததற்குக் காரணம் திட்டமோ விதியோ கிடையாது. ஒரு பெண்மணி நாடாவையும் அதைப் படிக்கும் கருவியையும் பிரிக்கக் கூடாது என்று தெரிந்துவைத்திருந்தார், அவ்வளவுதான். உலகத்தின் பதிவுகளை இப்படிப்பட்ட தனிமனிதர்களின் பிடிவாதத்தை நம்பி விட்டுவைப்பது நியாயமா என்று உங்களைக் கேட்கிறேன்.

சேமிப்பு நாடா செய்யும் கூட்டமைப்பினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. காப்பகங்கள் பெரிதும் நம்புவது உங்கள் எல்டிஓ என்ற காந்த நாடா வகையைத்தான். 2000-இல் வந்ததிலிருந்து நெடுங்காலம், ஒரு தலைமுறை டிரைவ் முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களையும் படித்தது. எல்டிஓ-8 வந்தபோது அது ஒன்றாகக் குறைந்தது. எல்டிஓ-10 டிரைவ் முந்தைய நாடாக்கள் எதையும் படிப்பதில்லை. பொறியியல் காரணங்கள் இருக்கலாம். ஆனால் நாடா என்பதே நாளைக்கு எடுத்துப் படிப்பதற்காக வாங்கும் பொருள். நாடாவின் ஆயுள் பல பத்தாண்டுகள் என்று சொல்லி விற்கிறீர்கள், அதைப் படிக்கும் டிரைவ் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதையும் அதே பெட்டியின் மேல் அச்சடியுங்கள்.

இது முடியாத காரியமும் கிடையாது, ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்கள். 1969 ஏப்ரல் 7-ஆம் தேதி ஸ்டீவ் கிராக்கர், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் கணினிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசலாம் என்று யோசித்து ஒரு குறிப்பு எழுதினார். இணைய விதிகளை எழுதிவைக்கும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில் அதுதான் முதலாவது. அதே ஆண்டு அக்டோபரில் வின்ட் செர்ஃப் எழுதிய 20-ஆம் ஆர்எஃப்சி, வலையமைப்பில் பரிமாறிக்கொள்ள ஆஸ்கியைப் பயன்படுத்தலாம் என்றது. இந்த ஆவணங்களை யாரும் படிக்கலாம், யாரும் நகலெடுக்கலாம். வெறும் எழுத்துக் கோப்புகள் என்பதால் இன்று எந்த ஃபோனிலும் அவை திறக்கின்றன. இணையத்தின் அடிப்படை விதிகள் அரை நூற்றாண்டு தாண்டி அப்படியே வாசிக்கக் கிடைப்பது இந்தத் திறந்த மனத்தால்தான்.

1992-இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யுடிஎஃப்-8 முறையை வடிவமைத்தார்கள். உலக மொழிகள் அனைத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும், அதே நேரத்தில் பழைய ஆஸ்கி கோப்பு எதுவும் வீணாகக் கூடாது. இரண்டையும் சாதித்தார்கள். 1960-களில் ஆஸ்கியில் எழுதிய ஒரு கோப்பு, ஒரு பிட்கூட மாற்றாமல், இன்றும் செல்லுபடியாகும் யுடிஎஃப்-8 கோப்பு. எனக்குத் தெரிந்து கணினி வரலாற்றில் இதைவிடப் பெருந்தன்மையான பொறியியல் முடிவு குறைவு. முன்னால் எழுதியவர்களைப் பின்னால் வந்தவர்கள் கைவிடவில்லை.

இனி, இணையச் சேவை நடத்தும் உங்களிடம் வருகிறேன். வட்டாவது வாடிக்கையாளர் வீட்டு அலமாரியில் இருக்கும். உங்களிடம் இருப்பது முழுக்க முழுக்க உங்கள் கையில். 1994-இல் தொடங்கிய ஜியோசிட்டீஸில் லட்சக்கணக்கானோர் தங்கள் வாழ்க்கையின் முதல் இணையப் பக்கத்தைக் கட்டினார்கள். 1999-இல் அதை வாங்கிய யாஹூ, 2009 அக்டோபர் 26-ஆம் தேதி மூடியது. மூடும் அறிவிப்பு வந்த சில மாதங்களுக்குள் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு இரவு பகலாக இறங்கி முடிந்தவரை நகலெடுத்தது. அவர்கள் எடுத்த நகல் இல்லாவிட்டால், சாதாரண மனிதர்கள் இணையத்தில் முதன்முதலாக என்ன எழுதினார்கள் என்பதற்கு நம்மிடம் சாட்சி மிகக் குறைவாகவே இருந்திருக்கும். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் நடந்தது இன்னும் மோசம். 12 ஆண்டுகளில் பயனர்கள் ஏற்றிய பாடல்கள், சர்வர் மாற்றும்போது போய்விட்டன என்று 2019-இல் வெளியே தெரிந்தது. தங்கள் ஒரே நகலை அங்கே வைத்திருந்த இசைக்கலைஞர்கள் எத்தனையோ பேர்.

2024-இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்குப்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துக் கிடைப்பதில்லை. 1996-இல் ப்ரூஸ்டர் கேல் தொடங்கிய, இணையப் பக்கங்களை நகலெடுத்துச் சேமிக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற அமைப்புகள் இல்லையென்றால் அவற்றில் பலவற்றின் சுவடுகூட மிஞ்சாது. இந்த வேலையைச் செய்பவர்கள் பலசமயம் உங்கள் அனுமதி இல்லாமல், உங்கள் தடுப்புகளைத் தாண்டி, வழக்கு வருமோ என்ற பயத்தோடு செய்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர்களுக்கு நீங்கள் கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. எல்லாமே என்றென்றும் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அழிக்கச் சொல்லும் உரிமை மனிதருக்கு வேண்டும். தனிப்பட்ட கடிதங்களை உலகத்துக்குத் திறந்துவிடும்படியும் கேட்கவில்லை. எதை வைப்பது, எதை அழிப்பது என்று எழுதியவர் முடிவெடுக்கட்டும் என்கிறேன். இன்று அந்த முடிவை, அவரைக் கேட்காமலே, உங்கள் நிறுவனத்தின் ஆண்டு வரவுசெலவுக் கூட்டம் எடுக்கிறது.

அப்புறம், பூட்டுகள். பதிப்புரிமை காக்கவென்று மென்பொருளுக்கும் நூலுக்கும் விளையாட்டுக்கும் மின்பூட்டுப் போடுகிறீர்கள். 1998-இல் அமெரிக்காவில் வந்த டிஎம்சிஏ என்ற மின்னணுப் பதிப்புரிமைச் சட்டம் அந்தப் பூட்டை உடைப்பதையே சட்டவிரோதமாக்கியது. நூலகங்களும் அருங்காட்சியகங்களும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போய் விலக்குக் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. பூட்டைத் திறக்கும் சர்வரை நீங்களே அணைத்த பிறகும், காசு கொடுத்து வாங்கியவர் அதைத் திறந்தால் சட்டத்தை மீறியவர் ஆகலாம் என்ற நிலை எந்த அறத்துக்கும் ஒத்துவராது. சர்வரை அணைக்கும் நாளில் பூட்டை நீக்கும் கடைசிப் பதிப்பு ஒன்றை வெளியிட்டுவிட்டுப் போங்கள்.

வணிக ரகசியம் வெளியே போய்விடும் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இருபது ஆண்டுகளாக விற்பனையில் இல்லாத ஒரு கோப்பு வடிவத்தில் போட்டியாளர் திருட என்ன மிச்சமிருக்கிறது? 2008-இல் மைக்ரோசாஃப்ட் தன் பழைய வேர்ட், எக்செல் கோப்புகளின் உள்ளமைப்பு ஆவணங்களை வெளியிட்டது. 2014-இல் எம்எஸ்-டாஸ் என்ற தன் பழைய இயங்குதளத்தின் ஆரம்பகால மூலநிரலைக் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் வழியே படிக்கக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அடோபி, ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு மூலநிரலை அதே அருங்காட்சியகத்தின் மூலம் வெளியிட அனுமதித்தது. இந்த நிறுவனங்கள் எதுவும் அதனால் நொடித்துப்போகவில்லை. 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி ஐரோப்பாவின் செர்ன் அணு ஆய்வகம் உலகளாவிய வலையின் நிரலை யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்து ஆக்கியது. அன்று அது செய்த காரியத்தின் மேல்தான் உங்களில் பாதிப் பேரின் தொழிலே நிற்கிறது.

சரி, நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்? ஒரு பொருளை நிறுத்தும் அறிவிப்பை வெளியிடும் அன்றே, அதன் கோப்பு வடிவத்தையோ பதிவு முறையையோ விளக்கும் ஆவணத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். படிக்கும் நிரலை யாரும் எழுதலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுங்கள். சேவையை மூடுவதானால் குறைந்தது ஓராண்டு அவகாசம் தாருங்கள். பயனர் தன் தரவை எடுத்துப்போகும்போது, வேறு மென்பொருளிலும் திறக்கும் வடிவத்தில் கொடுங்கள். இதில் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 முதலே ஓரளவு உங்களைக் கட்டுப்படுத்துகிறது, சட்டம் எட்டாத நாடுகளிலும் அதையே செய்யுங்கள். பொதுவில் இருந்த பக்கங்களைக் காப்பகங்கள் நகலெடுக்க வழிவிடுங்கள்.

இவை இனிமேல் நிறுத்தப்போகும் பொருட்களுக்கு. ஏற்கெனவே நிறுத்தியவற்றுக்குத்தான் அவசரம் அதிகம். 1980-களில் உங்கள் டிரைவ்களையும் மென்பொருள்களையும் வடிவமைத்த பொறியாளர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். பல விவரங்கள் ஆவணத்தில் ஏறவே இல்லை, அவர்கள் நினைவில் மட்டும் இருக்கின்றன. இந்த ஆண்டிலேயே உங்கள் பழைய பொருட்களின் பட்டியலை எடுங்கள். கிடங்கில் என்ன ஆவணம் இருக்கிறது என்று ஒருவரை நியமித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றை உருவாக்கியவர்களில் பேசக்கூடியவர்களை அழைத்து, அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்து, வெளியிடுங்கள். எந்தப் பொருளில் தொடங்குவது என்ற குழப்பம் இருந்தால் என்னைப் போன்று இந்த வேலையில் இருப்பவர்களைக் கேளுங்கள். எவற்றை இன்னும் எங்களால் திறக்க முடியவில்லை என்ற பட்டியல் எங்களிடம் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய வட்டுகளைப் படித்துக் கொடுக்கும் ஒருவன்